கரித் தாத்தா சொன்னது

சாந்த்ராகாச்சி
24 பிப்ரவரி 2025

தம்பி விவேக்குக்கு ஏழுமலை சொல்ல, சகுந்தலா அம்மா எழுதுவது.

எனக்கு எழுத்து தெரியாது என்று உனக்குத் தெரியும். சகுந்தலா அம்மா பக்கத்து வீடு. அவர் வீட்டுக்காரர் ரயில்வேயில் ஹெட் கிளார்க்காக இருந்து காலமானவர். நான் பேசுவதை அழகுபடுத்தாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன். படித்துக் காட்டும்போது ஒரு சொல் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்றேன். சிரிக்கிறார்கள்.

என் போனைப் போலீஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டது. அம்மா போனிலிருந்து உனக்கு ஏழு தரம் அடித்தோம். அணைத்து வைத்திருக்கிறாய். கடைசியில் நீ கல்கத்தாவில் தங்கியிருந்த மெஸ்ஸுக்கே போய் உன் நாமக்கல் விலாசத்தை வாங்கினேன். இங்கே தை மாசத்தில் வருகிற சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் காலையிலேயே ரயில் ஏறிவிட்டாயாமே. உன்னோடு படிக்கிற மேக்னா மூக்கில் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடந்த காலை அது. சரி. உன்னைத் திட்ட இதை எழுதச் சொல்லவில்லை. உன்னிடம் ஒரு பொருள் இருக்கிறது, அது எனக்கு வேண்டும்.

ஹூக்காப் புகைக்கிற பார்லருக்கு சீல் வைத்துவிட்டார்கள். முதலாளி எங்கே என்று யாருக்கும் தெரியாது. மேனேஜர் ஜாமீனில் வந்துவிட்டான். வந்தவன் போலீஸ் தாணாவில் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறான் தெரியுமா? ஹூக்காவுக்குக் கரி போடுகிற கிழவன் தன் இஷ்டத்துக்கு அள்ளி வைத்தான், மூடின ரூமில் கரி ஆளைக் கொல்லும் என்று பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று. நான் சொன்னேன் என்றேன். "அது நீ ரீலுக்காகப் பேசின டயலாக்" என்கிறான்.

டயலாக்கா? ரயில்வே ஷெட்டில் இருபது வருஷம் நீராவி என்ஜினுக்கு நெருப்பு மூட்டின கை இது. எழுபத்தெட்டாம் வருஷம் ஜனவரியில், யார்டில் நின்ற கார்டு பெட்டியில், அந்த பிரேக் வேனில், குளிருக்குக் கரியடுப்பை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேர் படுத்தார்கள். காலையில் கதவை உடைத்தவன் நான். இரண்டு பேர் கன்னமும் ரோஜாப்பூ நிறத்தில் இருந்தது. தொட்டால் ஜில்லென்று இருந்தது. அதைப் பார்த்தவன் விளையாட்டுக்குச் சொல்வானா?

பூஜை அன்றைக்கு நடந்தது ஒன்றுவிடாமல் என் கண்ணில் நிற்கிறது. அந்தச் சின்ன ரூம், ஜன்னலில் கறுப்புக் காகிதம். நீ போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். மேக்னா சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சோபாக் கைப்பிடி மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். ஹூக்காக் குழாய் அவள் கையில். நான் இடுக்கியில் கரியோடு வாசற்படியில் நின்று என் ஓட்டைப் பாங்களா பாஷையில் சொல்கிறேன்: "கதவைத் திறந்து வையுங்கள். கரிக்குப் பசித்தால் காற்றைத் தின்னும். காற்று தீர்ந்தால் ஆளைத் தின்னும்." அவள் குடித்த டீ மூக்கில் ஏறுகிற மாதிரி சிரிக்கிறாள். "கொய்லா தாது, இன்னொரு தரம் சொல்லுங்கள்" என்கிறாய் நீ. எல்லோரும் என்னைக் கூப்பிடுகிற பெயர் அது, கரித் தாத்தா.

நீ போட்ட ரீலில் வருவது இருபது வினாடிதான். முழுசாக, தேதியோடு இருந்தால்தான் செல்லும் என்று தாணாவில் சொல்கிறார்கள். அந்த முழு வீடியோ உன் போனில் இருக்கிறது. அதைக் கொடு. எழுதத் தெரிந்தவனுக்கு மறக்க வசதி உண்டு தம்பி, ஏட்டில் இருக்கிறதே என்று விட்டுவிடலாம். எனக்கு அந்த வசதி இல்லாததால் நான் எதையும் மறந்ததில்லை. ஷெட்டில் எந்த என்ஜினுக்கு எந்தத் தேதி பாய்லர் கழுவினார்கள் என்று ஃபோர்மேன் என்னைக் கேட்டுத்தான் ரிஜிஸ்டரைச் சரிபார்ப்பார்.

உடனே பதில் போடு.

ஏழுமலை


நாமக்கல்
8 மார்ச் 2025

தாத்தாவுக்கு,

உங்கள் கடிதத்தை அப்பா பார்ப்பதற்குள் தபால்காரரிடம் வாங்கிவிட்டேன். இனிமேல் வீட்டுக்கு எழுத வேண்டாம். பின்பக்கம் என் நண்பன் சிபியின் ஜெராக்ஸ் கடை விலாசம் இருக்கிறது, அதற்கு எழுதுங்கள். என் சிம்மை அப்பா உடைத்துப் போட்டுவிட்டார். "கல்கத்தான்னு ஒரு ஊரே இல்லைன்னு நெனச்சுக்கோ" என்கிறார்.

நீங்கள் கேட்ட வீடியோ இல்லை தாத்தா. அழித்துவிட்டேன்.

உங்களுக்கு அது தேவையும் படாது. ரீலை என் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன், ஆனால் அதற்குள் யார் யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் பதினாலு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். கிழவர் தலைபாடாக அடித்துக்கொண்டார், கேட்கவில்லையே என்றுதான் அத்தனை பேரும் எழுதுகிறார்கள். உங்களைத் தெய்வம் என்கிறார்கள். மேனேஜர் சொல்வதை யார் நம்பப் போகிறார்கள்? அப்படியே விட்டுவிடுங்கள். ப்ளீஸ்.

என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரிகிறது. காலேஜில் முதல் ஆறு மாதம் என்னிடம் ஒருவரும் பேசவில்லை தாத்தா. பாங்களா தெரியாது, இந்தி வாயில் நுழையாது. கேன்டீனில் நான் சாதம் பிசைவதைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் ஒரு நாள் ஜாதவ்பூரில் உங்கள் பார்லருக்கு வந்தேன். பழ வாசனைதானே, சிகரெட் இல்லையே என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். புகையில் வட்டம் விட எனக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. அதைப் போட்டதும் மூவாயிரம் லைக். மறுநாள் கேன்டீனில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். பிடித்து வைத்தது மேக்னா.

தீபாவளிக்கு வந்தபோது அம்மா என் சட்டையை மோந்துவிட்டு, "என்ன சென்ட்டுடா இது, கல்யாண வீட்டு ஜூஸ் மாதிரி மணக்குது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது அந்தச் சட்டையைப் பார்க்கவே முடியவில்லை.

மேக்னா எப்படி இருக்கிறாள்? இங்கே யாரும் சொல்வதில்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள்.

விவேக்


சாந்த்ராகாச்சி
19 மார்ச் 2025

விவேக்குக்கு,

எப்படி இருக்கிறாள் என்று கேட்டாய். கேட்டுக்கொள்.

பவானிபூரில் அவள் வீட்டைத் தேடிப் போனேன். பழைய வீட்டில் இரண்டாம் மாடி. அப்பா ரஞ்சன் பாபு கதவைத் திறந்தார். ஏதோ ஆபீசில் கணக்கெழுதுகிறவர். மெலிந்த ஆள், குரல் கேட்கவே கேட்காது. துரத்துவார் என்று நினைத்துப் போனேன். "வாருங்கள் தாது" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நடந்துதான் வீட்டுக்கு வந்தாளாம். பிழைத்துவிட்டாள் என்று காளிகாட்டில் பூஜை எல்லாம் கொடுத்தார்களாம். இரண்டு வாரம் கழித்துத்தான் ஆரம்பித்திருக்கிறது. முதலில் சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டாள். அப்புறம் படித்த பாடம் போனது. அப்புறம் பாத்ரூம் எந்தப் பக்கம் என்பது போனது. இப்போது அம்மாவைப் பார்த்து "மாசி" என்கிறாளாம், யாரோ சித்தி என்று. மூளையில் ஒரு பக்கம் காற்றில்லாமல் வாடிவிட்டதென்றும், மெதுவாகத்தான் தெரியவரும் என்றும் டாக்டர் சொன்னாராம்.

நான் எதிரில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அடையாளம் தெரிந்து சிரிப்பது வேறு தம்பி. இது அது இல்லை.

ரஞ்சன் பாபு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "யாராவது அவளிடம் சொன்னார்களா தாது? ஆபத்து என்று ஒரு மனுஷராவது சொன்னார்களா?"

"நான் சொன்னேன் பாபு."

"அன்றைக்கா?"

"அன்றைக்குத்தான். வாசற்படியில் நின்று சொன்னேன்."

"அவள் என்ன செய்தாள்?"

"சிரித்தாள்."

அவர் தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். சமையலறை வாசலில் அவர் சம்சாரம் பூர்ணிமா நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. விழுந்ததா, எறிந்ததா என்று தெரியாது.

வீட்டுக்கு வந்து அந்த ரீலுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று சகுந்தலா அம்மாவைப் படிக்கச் சொன்னேன். நாலு படித்துவிட்டு, "வேண்டாம் பெரியவரே" என்று நிறுத்திவிட்டார்கள். படித்தவரைக்கும் போதும். என்னைத் தெய்வம் என்று எழுதுகிற அதே வாய், அந்தப் பெண் செத்திருக்க வேண்டும் என்று எழுதுகிறது. பெரியவர் பேச்சைக் கேட்டுச் சிரித்தவளுக்கு இதுதான் கூலியாம். பெற்றவர்கள் வளர்த்த லட்சணமாம். அவள் வீட்டு விலாசத்தைக் கூட ஒருவன் போட்டிருக்கிறான்.

டீக்கடைக்குப் போனால் என்னைப் பார்த்ததும் எவனாவது அதைப் போட்டுவிடுகிறான். ஒரு நாளைக்குப் பத்துத் தரம் என் குரலை நானே கேட்கிறேன். உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், முதலில் கேட்க நன்றாகத்தான் இருந்தது. எழுபத்தாறு வயசில் என் பேச்சை யார் கேட்டார்கள்? இப்போது காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருக்கிறது.

வீடியோ அழிந்துவிட்டது என்றாய். நீ பொய் சொல்கிறாய். பொய் சொல்கிறவன்தான் இல்லை என்று சொன்ன பிறகும் தன் கதையை ஒரு பக்கத்துக்குச் சொல்வான். எனக்கு ஒன்றும் வேண்டாம். அவள் ஒரு நிமிஷம்தான் சிரித்தாள், அப்புறம் கதவைத் திறக்கச் சொல்லியிருப்பாள், அதுவும் அதில் இருக்கும். ரஞ்சன் பாபுவுக்காகக் கேட்கிறேன். கொடு.

ஏழுமலை


நாமக்கல்
4 ஏப்ரல் 2025

தாத்தா,

மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்கு முன்னால் ஒட்டிப் போட்டுவிடுவேன்.

அந்த ரீல் சரஸ்வதி பூஜை அன்று எடுத்தது இல்லை. டிசம்பர் 27-ம் தேதி எடுத்தது. கிறிஸ்துமஸ் வாரம்.

முதல் கடிதத்திலேயே நீங்கள் எழுதியிருந்தீர்கள், மேக்னா சிவப்பு ஸ்வெட்டரில் இருந்தாள் என்று. சரஸ்வதி பூஜையன்று எந்தப் பெண் ஸ்வெட்டர் போடுவாள் தாத்தா? கல்கத்தாவே அன்று மஞ்சள் புடவையில் இருந்தது. அவளும் மஞ்சள் புடவைதான். அவள் அம்மாவுடையது. குத்தின ஊக்கு நிற்கவில்லை என்று வரும் வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தாள். சிவப்பு ஸ்வெட்டர் ரீலில் இருப்பது. தினமும் பத்துத் தரம் பார்த்ததில் உங்களுக்கு அந்த நாள் இந்த நாளாகிவிட்டது.

அதைப் பூஜை அன்று எடுத்தது என்று முதலில் போட்டது யார் என்று தெரியாது. அதே ரூம், அதே ஆட்கள், எல்லோரும் நம்பிவிட்டார்கள். பொய் என்று தேதியோடு காட்ட முடிந்த ஒரே ஆள் நான். எடுத்தவன் நான்தானே. நான் பேசாமல் இருந்தேன். ரீலில் அவள் முகம் தெரிகிறது, போனைப் பிடித்திருக்கிற என் முகம் தெரியவில்லை. திட்டெல்லாம் அவளுக்குப் போனது. அதனால் பேசாமல் இருந்தேன்.

பூஜை அன்று எடுத்தது இன்னும் என் போனில் இருக்கிறது. நாலு நிமிஷம் பன்னிரண்டு வினாடி. அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

நாங்கள் ஐந்து பேர், இரண்டு ஹூக்கா. ரூம் முழுக்கப் புகையை நிறைத்துக் கதவைத் திறக்கும்போது மேகம் மாதிரி கொட்டவேண்டும், அதுதான் ஷாட். கதவுக்கடியில் துண்டைச் சுருட்டி அடைத்தது நான். இரண்டாம் நிமிஷத்தில் நீங்கள் புதுக் கரியோடு கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறீர்கள். புகை வெளியே போகிறது, எல்லோரும் கத்துகிறார்கள். நீங்கள் நிற்கிறீர்கள். ஜன்னலைப் பார்க்கிறீர்கள். துண்டைப் பார்க்கிறீர்கள். வாயைத் திறக்கிறீர்கள். நான் சொல்கிறேன், என் குரல் கேட்கிறது: "தாத்தா, அந்த டயலாக் பழசாயிடுச்சு." எல்லோரும் சிரிக்கிறார்கள். மேக்னா சிரிக்கவில்லை. அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் வாயை மூடிக்கொள்கிறீர்கள். கரியை வைக்கிறீர்கள். வெளியே போய்க் கதவை இழுத்துச் சாத்துகிறீர்கள். துண்டு பாதி வெளியே வந்திருக்கிறது. கதவு மூடுகிற இடுக்கில் உங்கள் கால் அதை உள்ளே தள்ளுகிறது.

அவ்வளவுதான். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை தாத்தா.

அதற்கப்புறம் வீடியோவில் இல்லாதது: கீழே பந்தலில் கிச்சுடிப் பிரசாதம் போடுகிறார்கள் என்று நாங்கள் நாலு பேர் இறங்கினோம். மேக்னா தலை பாரமாக இருக்கிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்றாள். கதவைத் திறந்து வைக்கவா என்று ஒருத்தி கேட்டாள். "வேண்டாம், புகை போயிடும், வந்து ஒரு ஷாட் எடுக்கணும்" என்றவன் நான். நாற்பது நிமிஷம். நான் இரண்டாம் தரம் கிச்சுடி வாங்கிச் சாப்பிட்டேன்.

இப்போது உங்களுக்குத் தெரியும். என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

விவேக்


சாந்த்ராகாச்சி
10 ஏப்ரல் 2025

பொய். முழுப் பொய். உன் கழுத்துக்குக் கயிறு வருகிறது என்றதும் கிழவன் கழுத்தில் மாட்டப் பார்க்கிறாய். ஐம்பத்தாறு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். ஷெட்டில் வந்து போன என்ஜின் நம்பரை வரிசையாகச் சொல்லட்டுமா? என் கல்யாணத்தன்று யார் யார் பந்தியில் எந்த இலையில் உட்கார்ந்தார்கள் என்று சொல்லட்டுமா? என் ஞாபகத்தைத் தப்பு என்று சொல்ல நீ யார்? நேற்று முளைத்த மீசை. எழுதுங்கம்மா, நேற்று முளைத்த மீசை என்றே எழுதுங்கள்.

(இந்த இடத்தில் பெரியவர் எழுந்து போய்விட்டார். ஆறு நாள் வரவில்லை. கடிதத்தை அனுப்பாமல் வைத்திருந்தேன். இன்று 16-ம் தேதி, வந்து உட்கார்ந்திருக்கிறார். – சகுந்தலா)

விவேக்,

மேலே எழுதினதை அடிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். இருக்கட்டும்.

என் கண்ணைக் கேட்டால் இன்னும் சிவப்பு ஸ்வெட்டரைத்தான் காட்டுகிறது. மூடினாலும் அதுதான், திறந்தாலும் அதுதான். மஞ்சள் புடவையைத் தேடித் தேடிப் பார்த்தேன், வரவில்லை. ஆனால் கால் வேறு சொல்கிறது. நேற்று வாசல் கழுவிவிட்டு ஈரத்துணியைக் காலால் ஓரமாகத் தள்ளினேன். அப்படியே நின்றுவிட்டேன். அந்தத் துண்டு ஈரமாக இருந்தது. நீ அதை எழுதவில்லை. வீடியோவில் ஈரம் தெரியாது. என் வலது கால் கட்டைவிரலுக்குத் தெரிந்திருக்கிறது.

ஈரத்துண்டுதானே விவேக்?

அப்புறம் எல்லாம் வந்தது. ஸ்வெட்டர் ரீல் ஊரெல்லாம் சுற்றினதும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டான். "தாது, பசங்க இங்கே புகைக்க வருகிறார்கள், பயப்பட வரவில்லை. இன்னொரு தரம் கரி ஆளைத் தின்னும் என்று வாயைத் திறந்தால் வீட்டில் உட்கார்ந்து கொள்" என்றான். வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது? சம்சாரம் போனபிறகு சுவர்தான். அங்கே வந்தால் நெருப்பு இருக்கிறது, நீங்கள் இருக்கிறீர்கள், கொய்லா தாது என்று கூப்பிட ஆள் இருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டேன். ஜனவரி முழுக்க மூடிக்கொண்டுதான் கரி வைத்தேன். சொன்னால் சிரிக்கிறார்கள், சொல்லாவிட்டால் தட்டிக் கொடுக்கிறார்கள். அன்றைக்கு வாயைத் திறந்தேன் என்று எழுதியிருக்கிறாய். நீ ஒரு வார்த்தை சொன்னாய், நான் மூடிக்கொண்டேன். உன் வயசுப் பையன் ஒரு வார்த்தை சொன்னால் மூடிக்கொள்கிற வாயா, பிரேக் வேனில் இரண்டு பிணத்தைத் தூக்கினவன் வாய்?

மூன்றாம் ரவுண்டுக் கரியோடு போனபோது நான்தான் கதவைத் திறந்தேன். அவள் கன்னமும் அதே ரோஜாப்பூ நிறம்.

அதைத் தாங்க முடியாமல்தான், ரீல் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன் போல. என் குரலே சொல்கிறதே, நான் சொன்னேன் என்று. தாணாவில் பாங்களாவில் எழுதி வைத்திருந்ததற்குக் கைநாட்டு வைத்தேன். ரஞ்சன் பாபு முகத்துக்கு நேரே சொன்னேன்.

வீடியோவைத் தாணாவுக்கு அனுப்பு. என் கால் தெரிகிற இடத்தை வெட்டாதே. உன் குரல் வருகிற இடத்தையும் வெட்டாதே. ரீலின் தேதியை ஊருக்குச் சொல். அந்தப் பெண்ணைத் திட்டுகிறவர்கள் நம் இரண்டு பேரையும் திட்டட்டும்.

ஏழுமலை


நாமக்கல்
12 மே 2025

தாத்தா,

ஆமாம், ஈரத்துண்டு. மேக்னாதான் நனைத்துக் கொடுத்தாள், காய்ந்த துண்டு நிற்கவில்லை என்று.

அனுப்பிவிட்டேன். பென் டிரைவை ஸ்பீட் போஸ்ட்டில் தாணாவுக்கு அனுப்பி, என் பெயரில் ஒரு வாக்குமூலமும் வைத்தேன். பதில் சம்மனாக வந்தது. ஜூன் 9 வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா, "நீயா போய்க் கழுத்த நீட்டறயா? எவன்டா கேட்டான்?" என்றார். அதிலிருந்து பேசவில்லை. அம்மா தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

அனுப்பின அன்றைக்கே முழு வீடியோவையும் என் பக்கத்தில் போட்டேன். என் முகத்தைக் காட்டி, என் பெயரைச் சொல்லி, ரீல் டிசம்பரில் எடுத்தது, அவளை யாரும் எச்சரிக்கவில்லை, துண்டு என்னுடையது, கதவை மூடச் சொன்னது நான் என்று தமிழிலும் பாங்களாவிலும் பேசினேன். ஊரே கிழித்துத் தொங்கவிடும் என்று போனைத் தொடப் பயந்துகொண்டிருந்தேன்.

நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள் தாத்தா. பத்து நாளில். நாலு நிமிஷம் நீளம் என்பதால் பாதியிலேயே போய்விடுகிறார்கள். கீழே மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருவன் நாடகம் என்கிறான். ஒருவன் அந்தப் புகை எந்த ஃபிளேவர் என்று கேட்டிருக்கிறான். இன்னொருவன் அந்தப் பார்லர் திறந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறான்.

ரீல் இருபது லட்சம் தாண்டிவிட்டது. உங்கள் குரலை வைத்து இப்போது பெங்களூரில் ஒரு பையன் ஹூக்கா இழுத்துக்கொண்டே வாயசைக்கிறான். அவனுக்குப் பின்னால் கதவு மூடித்தான் இருக்கிறது. ஆபத்து என்று அவனுக்கு எழுதினேன். என்னை பிளாக் செய்துவிட்டான்.

அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா?

விவேக்


சாந்த்ராகாச்சி
26 மே 2025

விவேக்குக்கு,

சொல்லிவிட்டேன். சொன்னபடியே உனக்கும் சொல்கிறேன்.

முதலில் தாணாவுக்குப் போனேன். முன்னால் கைநாட்டு வைத்தது தப்பு, மாற்றி எழுதுங்கள் என்றேன். மேஜையில் இருந்த போலீஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தாது, எழுதியிருப்பது உங்களுக்கு நல்லதாகத்தானே இருக்கிறது, ஏன் கெடுத்துக்கொள்கிறீர்கள்?" என்றார். எழுதும் வரைக்கும் நகரமாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் எழுதினார்கள். இந்தத் தடவை கைநாட்டு வைக்கும் முன் சகுந்தலா அம்மாவை விட்டுப் படிக்கச் சொன்னேன். அம்மாவுக்குப் பாங்களா எழுத்தும் தெரியும்.

மறுநாள் பவானிபூர். அம்மாவும் கூட வந்தார்கள். மாடிப்படியில் ஏறும்போதே உள்ளேயிருந்து பூர்ணிமாவின் குரல் கேட்டது. யாரையோ அதட்டுகிற மாதிரி. "ஷுனிஷ்னி கேனோ? தாது சொன்னாரே, ஏன் கேட்கவில்லை? ஒரு கதவுதானே, எழுந்து திறந்தால் என்ன?" வேலைக்காரியையாக்கும் என்று நினைத்தேன். ரஞ்சன் பாபு கதவைத் திறந்தார். பூர்ணிமா பாலில் ஊறின பொரியை மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை.

நான் கேட்பதற்கு முன்னால் ரஞ்சன் பாபுவே சொன்னார். நான் முதலில் வந்துவிட்டுப் போன நாளிலிருந்து இப்படித்தானாம். குளிப்பாட்டும்போதும், தலை வாரும்போதும், ஒவ்வொரு வாய்க்கும் அதே கேள்வி. இரண்டு மாதமாக. தாது சொன்னாரே, ஏன் கேட்கவில்லை?

நான் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தெரியும். "பாபு, அன்றைக்கு நான் சொல்லவில்லை. அது வேறு நாள். அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கரியை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினது நான்."

ரஞ்சன் பாபு, "இன்னொரு தரம் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

பூர்ணிமா கிண்ணத்தைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. மகள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உன்னிடம் யாரும் சொல்லவில்லையாம்மா, யாருமே சொல்லவில்லையாம், நீ கேட்காமல் இருக்கவில்லையாம்" என்று ஆரம்பித்தார். நிறுத்தவில்லை. குரல் போய் வெறும் உதடு மட்டும் அசைகிற வரைக்கும் சொன்னார்.

அந்தப் பெண் வாயோரத்தில் பாலோடு அவரைப் பார்த்து அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

படியிறங்க ரஞ்சன் பாபு கூட வந்தார். கீழே வந்ததும் சொன்னார். இரண்டு மாதம் திட்டு வாங்கினபோதும் இப்படியேதான் சிரித்தாளாம்.

ஏழுமலை